கடைசிப் பன்னிரண்டு பக்கம்

"மேட்டர் 276-ல முடியுதுங்க. பன்னிரண்டு பக்கம் காலியா நிக்குது. அதுக்குள்ள இன்டெக்ஸ முடிச்சுக் குடுத்துடுங்க" என்று பதிப்பகத்திலிருந்து போன் வந்தது.

அச்சுத் தொழிலில் ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம். பதினெட்டு பாரம் 288 பக்கம். நூல் 276இல் முடிந்தால் மீதிப் பன்னிரண்டு பக்கத்தை எதைக்கொண்டாவது நிரப்ப வேண்டும். பெரும்பாலும் பதிப்பகத்தின் மற்ற நூல்களின் விளம்பரத்தைப் போட்டு நிரப்புவார்கள். நூல் 287இல் முடிந்திருந்தால் இந்த போனே வந்திருக்காது. சொல்லடைவுக்காக, அதாவது எந்தப் பெயர், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் போடும் பட்டியலுக்காக, இன்னொரு பாரம் கூட்ட யாரும் சம்மதிப்பதில்லை. தமிழில் எவ்வளவோ நல்ல வரலாற்று நூல்களும் தன்வரலாறுகளும் சொல்லடைவு இல்லாமல் வருவதற்கு, நான் பார்த்தவரையில், முக்கியமான காரணம் இதுதான். இந்த முறை பாரக் கணக்கு எனக்குச் சாதகமாக விழுந்தது.

நூல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கண்மாயைப் பற்றி, அந்தக் கண்மாயை நம்பி இருந்த மூன்று தலைமுறை ஆட்களைப் பற்றி. அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். அவர் என்னை அம்மா என்பார். எனக்கு அப்பா வயது.

நான் செய்யும் வேலைக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. அச்சகத்தில் இன்டெக்ஸ் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்லடைவு, பொருளடைவு என்று பிரித்துச் சொல்வார்கள். சுட்டி என்பவர்களும் உண்டு. பழைய பதிப்புகளில் அகராதி என்றே இருக்கும். எந்தப் பெயரில் சொன்னாலும் "அதான் முன்னாடி பொருளடக்கம் இருக்கே" என்று கேட்கிற பதிப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொருளடக்கம் நூலாசிரியர் எந்த வரிசையில் சொல்ல நினைத்தாரோ அந்த வரிசை. அடைவு வாசகர் எந்த வரிசையில் தேடுவாரோ அந்த வரிசை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன். அவர் பழைய திருமண அழைப்பிதழ்களைச் சேர்த்து வைத்திருப்பார். கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, ஒரு சீட்டுக்கு ஒரு தலைச்சொல் என்று எழுதி, செருப்புப் பெட்டியில் அகர வரிசையில் அடுக்குவார். எழுத்து மாறும் இடத்தில் மஞ்சள் அட்டை ஒன்றைச் சற்று உயரமாகச் செருகி வைப்பார். புரூஃப் படிக்கும்போது ஒரு பெயர் வந்தால் பென்சிலால் அடிக்கோடு. பக்கம் முடிந்ததும் அடிக்கோடுகளையெல்லாம் சீட்டில் ஏற்றுவார். "படிக்கும்போதே ஏத்தாதே, படிப்பு கெட்டுடும்" என்று அவர் சொன்னதை இன்றும் மீறுவதில்லை. இப்போது கணினியில் விரிதாள் இருக்கிறது. ஆனால் முதல் வாசிப்பு காகிதத்தில்தான், கையில் பென்சிலோடுதான்.

அகர வரிசை என்பதே நம்மிடம் கொஞ்சம் பிந்தி வந்த பழக்கம். சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளை வைத்துப் பிரித்து, செய்யுளாக இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கு வரிசை தேவையில்லை. 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி அகராதி நிகண்டு செய்தார். அகரம் ஆதியாக வருவது என்ற அந்தப் பெயரே பிறகு அந்த வகை நூல்களுக்கெல்லாம் ஆனது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் வந்தது. அப்புறம் பாட்டு முதற்குறிப்பு அகராதி. திருமுறைப் புத்தகமோ பிரபந்தப் புத்தகமோ வீட்டில் இருந்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் முதல் சொல் தெரிந்தால் போதும், பாட்டு கிடைத்துவிடும். தமிழ் வாசகர் கையில் அதிகமாகப் புழங்கிய அடைவு இதுதான் என்பது என் எண்ணம்.

உ.வே.சா. பதிப்புகளைக் கையில் எடுத்தவர்களுக்கு 'அரும்பத முதலியவற்றின் அகராதி' பழக்கமாக இருக்கும். அருஞ்சொல், ஆள் பெயர், ஊர்ப் பெயர், செய்தி எல்லாம் ஒரே அகர வரிசையில் நிற்கும். ஒரு வரியைக் காட்டி இது எந்த நூலிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல அன்று எந்த இயந்திரமும் கிடையாது. சுவடியைப் படித்துப் படித்துக் கையால் செய்த அடைவுகள்தான். பின்னால் பல்கலைக்கழகங்கள் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தன. கேரளப் பல்கலைக்கழகத்தில் வ.அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் செய்த சொல்லடைவு 1962இல் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகள் போட்டது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களுக்கு நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் செய்த பெயரடைவு 1978இல் வெளியானது. எந்தப் பட்டம் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில், யார் பெயரோடு வருகிறது என்று வரிசை வரிசையாக வைத்துப் பார்க்க அதனால் முடிந்தது. வரலாற்று ஆராய்ச்சியே அடைவிலிருந்து கிளம்பிய இடம் அது.

அவையெல்லாம் ஒரு சொல்லையும் விடாத அடைவுகள். நான் செய்வது அந்த வகையல்ல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுத்துக்கொண்டே போக வேண்டும். நூலாசிரியர் பஸ் பிடிக்க மதுரைக்குப் போனார் என்று ஒரு வரி வந்தால் அது மதுரையைப் பற்றிய செய்தி ஆகாது. அந்தப் பக்க எண்ணை நம்பிப் புரட்டுகிற வாசகர் ஏமாந்து போவார். ஒரு தலைச்சொல்லுக்கு நேராகப் பதினைந்து பக்க எண்கள் வரிசையாக நின்றால் அந்த அடைவைச் செய்தவர் பாதி வேலையை வாசகர் தலையில் கட்டிவிட்டார் என்று அர்த்தம். ஆறேழு எண்ணுக்கு மேல் போனாலே துணைத் தலைப்பாக உடைத்துவிடுவேன். கண்மாய் என்றால் கரை உடைப்பு, தூர் எடுத்தல், மீன் குத்தகை, வழக்குகள் என்று.

"இதெல்லாம் எதுக்கு மேடம், பி.டி.எஃப்.ல கன்ட்ரோல் எஃப் போட்டா வந்துடுமே?" என்று பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார வைத்து அவர் கணினியிலேயே காட்டினேன். 'கண்மாய்' என்று தேடச் சொன்னேன். கண்மாய்க்கு, கண்மாய்க்கரை எல்லாம் வந்தன. கண்மாயில், கண்மாயை, கண்மாயின் ஒன்றுகூட வரவில்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் ய் போய் யி ஆகிறது, யை ஆகிறது. தேடுகிற மென்பொருளுக்கு புள்ளி வேறு, கொக்கி வேறு. 'மதகு' என்று தேடினால் மதகில் வராது. 'மரம்' என்று தேடினால் மரத்தடி வராது. 'ஆறு' என்று தேடினால் ஆற்றைத் தவறவிட்டு, ஆறு பேர், ஆறு மணி, ஆறுதல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'கண்மா' என்று தேடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் தேடுவேன். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அந்த உபாயம் பலிக்காது.

அதைவிட முக்கியமானதை அதற்குப் பிறகுதான் காட்டினேன். நூலின் 63ஆம் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி. சித்திரை வெயிலில் வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்குப் போனார்கள், வர முடியாதவர்கள் ஆள்கூலி கட்டினார்கள், கரை மேடானதும் ஊர்ப் பொதுவில் கஞ்சி ஊற்றினார்கள். இது குடிமராமத்து. பாசனத்தைப் பற்றி ஆராய்கிறவர் முதலில் தேடுகிற சொல் அதுதான். ஆனால் 63ஆம் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை. சாருக்கு அது வாழ்ந்த விஷயம், அதற்குக் கலைச்சொல் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எத்தனை முறை கன்ட்ரோல் எஃப் அடித்தாலும் அந்தப் பத்தி அகப்படாது. அடைவில் 'குடிமராமத்து, 63–64, 118' என்று இருந்தால் கிடைக்கும். தம்பி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். அப்புறம் அவரே 118ஐத் திறந்து பார்த்தார்.

ஒரே பொருளுக்குப் பல சொல் வரும்போதும் இதே நிலைதான். கண்மாய் நிரம்பி மிகுதி நீர் வெளியேறும் இடத்தை சார் ஓர் இடத்தில் கலிங்கு என்கிறார், இன்னோர் இடத்தில் மறுகால் என்கிறார். மடையைத் திறந்து நீர் பங்கிடுகிறவரை நீர்பாய்ச்சி என்றும் மடைக்காரர் என்றும் எழுதியிருக்கிறார். நான் ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து, மற்றதில் 'பார்க்க' என்று போடுகிறேன். எதைத் தலைச்சொல்லாக வைப்பது என்பதை நூலில் அதிகம் வருவது எது என்று எண்ணி முடிவு செய்யக் கூடாது என்று பெரியவர் சொல்லுவார். அந்த ஊர்க்காரர் வந்து தேடினால் எதைத் தேடுவார் என்று யோசிக்க வேண்டும். நீர்பாய்ச்சி என்று வைத்தேன்.

சீட்டுகளெல்லாம் விரிதாளில் ஏறியதும் அகர வரிசைப்படுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. மரம், மலர், மழை, மறம், மனம். இதுதான் தமிழ் வரிசை, ய ர ல வ ழ ள ற ன என்று பள்ளிக்கூடத்தில் பாடியது. சாதாரண நிரல் ஒன்றிடம் கொடுத்தால் மனம், மரம், மறம், மலர், மழை என்று தரும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது மற்ற இந்திய எழுத்துகளின் வரிசையை ஒட்டிக் கொடுத்தார்கள். அதனால் ன ந-வுக்கு அடுத்தும், ற ர-வுக்கு அடுத்தும் போய் உட்கார்ந்தன. ஜ-வும் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் நிற்கிறது. புள்ளியின் கதை இன்னும் மோசம். க் முதலில், க பிறகு என்பது நம் முறை. எனவே பட்டம் முதலில், படம் பிறகு. எண்ணை மட்டும் பார்க்கிற நிரலுக்கு புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் படகு வந்து, படம், படி, படை எல்லாம் வந்து, அதற்குப் பிறகுதான் பட்டம் வரும். தமிழ் வரிசை விதி தெரிந்த மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன, மொழியைத் தமிழ் என்று சொன்னால் சரியாகச் செய்யும். ஆனால் சொல்ல வேண்டும். பல அடைவுகளில் இது தவறாக அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். தேடுகிற சொல் உள்ளே இருக்கிறது, வாசகர் இருக்க வேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று மூடி வைத்துவிடுகிறார்.

பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வந்தால் வேறு கூத்து. பாமினி மாதிரியான எழுத்துருக்களில் நாம் பார்க்கிற தமிழுக்குப் பின்னால் இருப்பது ஆங்கில எழுத்துகள். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டியிருப்பதால் கொம்பு முதலில் வரும். வரிசைப்படுத்தினால் கெண்டை, செம்மண், தெப்பம், பெருமடை எல்லாம் கொம்புக்குக் கீழே ஒரே இடத்தில் குவியும். சார் தன் நூலின் முதல் பாதியை அப்படித்தான் தட்டி வைத்திருந்தார். மாற்றி முடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

பக்க எண் என்பது நம்ப முடியாத ஆள். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் வரலாற்று நூலுக்குச் சொல்லடைவு செய்தேன். நானூறு பக்கத்துக்கு மேல். இரண்டு மாத வேலை. முடித்துக் கொடுத்த பிறகு, ஒரு பாரம் குறைக்கலாம் என்று எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்துவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அடைவு பழைய எண்களோடு அப்படியே அச்சாகிவிட்டது. முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம் தள்ளி இருந்தது, கடைசி அத்தியாயத்தில் பதினைந்து பக்கம் தள்ளி நின்றது. வாசகர் ஒருவர் பொறுமையாகப் பட்டியல் போட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்க வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அந்த நூலை நம்பி யாராவது மேற்கோள் காட்டப் போனால் என்ன ஆகும் என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, பக்கங்கள் பூட்டியாகிவிட்டன என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எண் போடுகிறேன். அச்சுக்குப் போகிற கடைசிக் கோப்பை வரவழைத்து, எழுத்துக்கு ஒரு தலைச்சொல் வீதம் திறந்து பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். முடிந்த இடங்களில் குறியைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடுகிறேன். வேர்டிலும் இன்டிசைனிலும் அந்த வசதி இருக்கிறது. வரி நகர்ந்தால் குறியும் கூடவே நகரும், எண் தானாக மாறும்.

இதை யோசிக்கும்போதெல்லாம் நம் பழைய நூல்களின் மேல் பொறாமை வரும். குறள் 1330. யார் அச்சிட்டாலும், எந்த அளவில் அச்சிட்டாலும், கைப்பேசியில் படித்தாலும் 423ஆம் குறள் 423ஆம் குறள்தான். புறநானூற்றுக்கு நூறு வருடத்துக்கு முன் யாராவது பாட்டு எண்ணை வைத்து அடைவு செய்திருந்தால் அது இன்று வந்த பதிப்புக்கும் செல்லும். 1230களில் பாரிஸில் செயிண்ட் ஜாக் மடத்துத் துறவிகள் விவிலியத்துக்கு முதல் சொல்லடைவைச் செய்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல். எல்லாம் கைப்பிரதி, ஒரு பிரதியின் பக்கம் இன்னொன்றில் இல்லை, வசன எண்ணும் அப்போது கிடையாது. ஒவ்வொரு அதிகாரத்தையும் மனசுக்குள் ஏழாகப் பிரித்து, முதல் ஏழு எழுத்துகளைப் பெயராகக் கொடுத்தார்கள். அதிகார எண், எழுத்து. எந்தப் பிரதியை வைத்திருப்பவரும் கிட்டத்தட்ட சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மின்னூல் வந்த பிறகு நாம் மறுபடி கைப்பிரதிக் காலத்துக்குப் போய்விட்டோம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடுகிறது, சிறிதாக்கினால் குறைகிறது. அச்சு நூலின் அடைவை அப்படியே மின்னூலின் கடைசியில் ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 63 என்று இருக்கும், 63ஆம் பக்கமே இருக்காது. சாரின் நூலுக்கு மின்பதிப்பும் போடுவதாகச் சொன்னதால், ஒவ்வொரு எண்ணையும் இணைப்பாக்கித் தரச் சொன்னேன். தொட்டால் அந்தப் பத்தியிலேயே போய் நிற்கும். அச்சு நூலைவிட இது ஒரு படி மேல். அச்சில் பக்கத்தைக் காட்டத்தான் முடியும், இங்கே பத்தியையே காட்டலாம். ஆனால் மேலே தெரிகிற எண் அச்சுப் பக்கத்தின் எண்ணாகவே இருக்கட்டும் என்றேன். புத்தகம் வைத்திருப்பவரும் கைப்பேசி வைத்திருப்பவரும் ஒரே எண்ணைச் சொல்லிப் பேசிக்கொள்ள வேண்டும் இல்லையா.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் தின்றது பெயர்கள்தான். எப்போதும் அப்படித்தான். தலைப்பெழுத்தை முதலில் வைத்துச் சொல்கிற பழக்கம் நமக்கு. உ.வே. சாமிநாதையரை உ-விலா சா-விலா வைப்பது? சா-வில் வைத்து, உ-விலிருந்து வழிகாட்டுவேன். ஆனால் திரு.வி.க.வைக் கல்யாணசுந்தரம் என்று க-வில் கொண்டுபோய் வைத்தால் யார் தேடுவார்? அவர் தி-யில் இருக்கட்டும், க-விலிருந்து வழிகாட்டலாம். மறைமலையடிகள் ம-வில், வேதாசலம் என்ற பெயரில் தேடுகிறவருக்காக வே-யில் ஒரு வரி. சாரின் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர். சாமி பெயரை வைத்தால் அப்படித்தான். அடைப்புக்குறிக்குள் ஒருவருக்கு நீர்பாய்ச்சி, ஒருவருக்கு மேலத்தெரு, ஒருவருக்குப் பட்டாளம் போனவர் என்று போட்டுப் பிரித்தேன். நான்காமவர் யார் என்று தெரிந்துகொள்ள சாரிடம் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அது இரண்டாமவரேதான், வேறு ஆள் இல்லை என்று தெரிந்தது.

ஆட்பெயர் வரிசையை அடுக்கி முடித்தபோதுதான் கவனித்தேன். ஆண்களின் பெயர் ஐந்தாறு பத்தி ஓடியது. பெண்களின் பெயரைத் தனியே பொறுக்கிப் பார்த்தால் அரைப் பத்திகூடத் தேறவில்லை. நூலில் பெண்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறார்கள். மூத்தாள், சின்னவர் சம்சாரம், கீழவீட்டு அத்தை, பூசாரி மகள். பெயர்தான் இல்லை. படிக்கும்போது இது உறைக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று அடுக்கும்போது உறைக்கிறது.

அவர்களில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். 'கணக்குப்பிள்ளை வீட்டு அம்மா'. 41, 87–89, 132, 203. கணக்குப்பிள்ளைக்குக் கண் மங்கிய பிறகு, எந்த மடையில் யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், போன பூவில், அதாவது போன போகத்தில், யார் விட்டுக்கொடுத்தார்கள், இந்தப் பூவில் யாருக்கு முதல் முறை என்பதையெல்லாம் அந்த அம்மாதான் மனசில் வைத்திருந்திருக்கிறார். இரவில் மடையடியில் தகராறு என்றால் ஆள் ஓடிவந்து அவர் வீட்டுத் திண்ணையில் நின்று கேட்பானாம். உள்ளே இருந்தபடியே பதில் சொல்லுவாராம். கரை உடைந்த வருடம் வீட்டில் இருந்த நெல்லைத் தரையில் கொட்டிவிட்டுச் சாக்குகளை மண் நிரப்பக் கொடுத்தவரும் அவர்தான். இவ்வளவையும் சார் அவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறார். அந்த அம்மாவை நான் அடைவில் எங்கே வைப்பது?

சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்களுக்கும் இந்த இடம் வந்திருக்கிறது. பாடியவர் பெயர் தெரியாத பாட்டுகள். அவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. பாட்டுக்குள் கைவிட்டு ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40 பாடியவர் செம்புலப்பெயனீரார், அடுத்த பாட்டு பாடியவர் அணிலாடு முன்றிலார், 54 பாடியவர் மீனெறி தூண்டிலார், 131 பாடியவர் ஓரேருழவனார். சொந்தப் பெயர் போய்விட்டது, ஆனால் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது, இன்றுவரை கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறோம். அந்தத் தொகுப்பாளர்களை நினைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை வீட்டு அம்மா என்பதையே தலைச்சொல்லாக க-வில் வைத்தேன். ஆனாலும் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"பெயரா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவோம். நான் அவங்க வீட்ல சாப்பிட்டு வளந்தவன். பேரு தெரியலையேம்மா."

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். அக்காவிடம் கேட்டிருக்கிறார், அக்காவுக்கும் தெரியவில்லை. திருப்பூரில் இருக்கும் பேத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறார். பேத்தி வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று. அதில் கணக்குப்பிள்ளையின் பெயரைப் போட்டு, 'மனைவி' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் பெயர் இருந்திருக்கிறது. சார் போனில் அதை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எழுதிக்கொண்டாயா என்று இரண்டு முறை கேட்டார்.

அதற்குள் முதல் பதினேழு பாரம் அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பாரம் மட்டும் என் கையில். நூலுக்குள் எங்கேயும் அந்தப் பெயரைச் சேர்க்க வழியில்லை. சேர்க்கிற இடம் அடைவு ஒன்றுதான். பன்னிரண்டு பக்கமும் வழிய வழிய நிரம்பியிருந்தது. எனக்கு இரண்டு வரி வேண்டும். 'மா' வரிசையில் அவர் பெயர், அடைப்புக்குறிக்குள் நூலில் வரும் பெயர், பக்க எண்கள். க-வில் 'கணக்குப்பிள்ளை வீட்டு அம்மா' இருந்த இடத்தில் எண்களை எடுத்துவிட்டு 'பார்க்க' என்று மாற்றினால் அங்கே வரி கூடாது. ஆனால் மா-வில் பெயரும் அடைப்புக்குறியும் எண்களும் ஒரே வரியில் அடங்கவில்லை.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு தலைச்சொல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'சென்னை' இரண்டு வரி இருந்தது. எல்லாம் போகிறபோக்கில் வருகிற இடங்கள். வேலை தேடிப் போனார், மகன் அங்கே இருக்கிறான் என்கிற மாதிரி. என் விதிப்படி முதலிலேயே விட்டிருக்க வேண்டியது. அதை எடுத்துவிட்டு, 285ஆம் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரைச் சேர்த்து, கோப்பை அன்று இரவே அனுப்பினேன்.